வேடிக்கை பார்க்கப் பழகுவது எப்படி? ஒரு மரம், ஒரு நோட்டு, கால் மணி நேரம்

"கொஞ்சம் நிதானமா இரு" என்று யார் சொன்னாலும் எரிச்சல்தான் வருகிறது. மனதுக்கு உத்தரவு போட்டால் அது கேட்பதில்லை. ஆனால் ஒரு அணில் தேங்காய் நாரைக் கிழித்து, வாயில் சுருட்டிக்கொண்டு எங்கே போகிறது என்று பார்க்க உட்கார்ந்தால் கால் மணி நேரம் தானாகப் போய்விடும். எழுந்திருக்கும்போது தோள்கள் தளர்ந்திருக்கும், மூச்சு சீராகியிருக்கும். இந்த வழிகாட்டியில் சொல்லப்போவதெல்லாம் இதைச் சுற்றித்தான். கண்ணுக்கு ஒரு வேலை கொடுப்போம், மனம் பின்னால் வரட்டும்.

கண்ணை மூடித் தியானம் செய்ய முடிகிறவர்கள் தாராளமாகச் செய்யலாம். இது, கண்ணை மூடினால் நாளைய வேலைப் பட்டியல் ஓட ஆரம்பித்துவிடும் என்று புலம்புகிறவர்களுக்கானது.

பார்ப்பதற்கு நேரம் ஆகும் என்பதை ஒப்புக்கொள்வதுதான் முதல் படி. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிக்கும் ஜெனிஃபர் ராபர்ட்ஸ், தன் மாணவர்களை ஒரே ஒரு ஓவியத்தின் முன்னால் 3 மணி நேரம் உட்காரச் சொல்வார். அவரே ஒரு 18ஆம் நூற்றாண்டு ஓவியத்தின் முன் உட்கார்ந்தபோது, அதிலுள்ள பையனின் காது வடிவமும் அவனுடைய அணிலின் வயிற்று ரோமத்தின் வடிவமும் ஒன்றுபோல வரையப்பட்டிருப்பது தெரிய 9 நிமிடம் ஆனதாம். படம் நகரவில்லை, ஒளியும் மாறவில்லை. பழகிய கண்ணுக்கே அவ்வளவு நேரம் ஆகிறது. நமக்கு 3 மணி நேரம் எல்லாம் வேண்டாம்.

முதலில் இடம்

ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவதில்தான் இந்தப் பழக்கத்தின் பலமே இருக்கிறது. ஆகவே அழகான இடத்தைத் தேடாதீர்கள், பக்கத்து இடத்தைத் தேடுங்கள். வீட்டிலிருந்து இரண்டு நிமிடத்தில் போய்ச் சேர முடியாத இடம் என்றால் முதல் மழையோடு பழக்கம் நின்றுவிடும். மொட்டைமாடி, பால்கனி, சமையலறை ஜன்னல், தெருமுனைப் பிள்ளையார் கோவில் திண்ணை, அலுவலக வாகன நிறுத்தம் என்று எதுவானாலும் சரி. அங்கிருந்து ஒரு மரம் முழுதாகத் தெரிய வேண்டும்.

எந்த மரம்? வேம்பு கிடைத்தால் அதையே எடுங்கள், காரணம் கீழே வருகிறது. புங்கம், பூவரசு, முருங்கை, மா, தூங்குமூஞ்சி ஆகியவையும் நல்ல மரங்கள். நாள் முழுக்க ஏதாவது நடந்துகொண்டிருக்கும். கரையோரங்களில் சவுக்கு மட்டும்தான் இருக்கிறது என்றால் அதுவும் போதும்.

ஒரு நடைமுறைச் சிக்கல். நம் ஊரில் ஒருவர் சும்மா நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தால், "யாரைத் தேடுறீங்க?" என்று கேட்காமல் விடமாட்டார்கள். "குருவி பார்க்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். முதல் வாரம் சிரிப்பார்கள், அப்புறம் அவர்களே, "நேத்து ஒரு பச்சைக் குருவி வந்துச்சு" என்று தகவல் கொண்டுவருவார்கள். அடுத்தவர் ஜன்னலுக்கு நேராக நிற்காதீர்கள், தொலைநோக்கியை அந்தப் பக்கம் திருப்பவே திருப்பாதீர்கள். தெருவில் தனியாக நிற்பது சங்கடமாக இருக்கும் பெண்களுக்கு மொட்டைமாடி நல்லது. கிளைகளின் உச்சி அங்கிருந்து கண் மட்டத்துக்கு வருவதால் பார்க்கக் கிடைப்பதும் அதிகம்.

முதல் ஐந்து நிமிடம்

ஒரு நாளுக்கு 15 நிமிடம். காலை 6 முதல் 7 மணிக்குள் பறவைகள் அதிகம். மாலை 5 மணிக்கு மேலும் நன்றாக இருக்கும். உச்சி வெயிலில் பறவைகளும் நிழல் தேடிப் போய்விடும், எறும்பும் பல்லியும்தான் மிச்சம்.

செல்போனை வீட்டில் வைத்துவிட்டு, முள் வைத்த கைக்கடிகாரம் ஒன்றைக் கட்டிக்கொள்ளுங்கள். நேரம் பார்க்க என்று கையில் எடுத்த போன் என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும்.

முதல் ஐந்து நிமிடம் எதுவும் நடக்காது. இதைத் தெரிந்துவைத்துக்கொண்டு உட்காருவது முக்கியம். பாதிப் பேர் இந்த இடத்தில்தான் எழுந்து போய்விடுகிறார்கள். நீங்கள் வந்த சத்தத்தில் அணில் கிளையின் மறுபக்கத்துக்குப் போயிருக்கும், தரையில் மேய்ந்த தவிட்டுக்குருவிக் கூட்டம் வேலிக்குள் புகுந்திருக்கும். நீங்கள் அசையாமல் இருக்கிறீர்கள் என்பது உறுதியானதும் ஒவ்வொன்றாக வெளியே வரும். யார் முதலில் வருகிறார்கள், யார் கடைசி என்பதைக் கவனித்தாலே அந்த ஐந்து நிமிடத்துக்கும் ஒரு வேலை கிடைத்துவிடும்.

கண்ணை நகர்த்தும் விதம்

சும்மா பார்த்துக்கொண்டிருங்கள் என்று சொன்னால் கண் ஓரிடத்தில் நிலைகுத்தி, மனம் வேறெங்கோ போய்விடும். அதனால் ஒரு வரிசை வைத்துக்கொள்வது நல்லது. தூரத்தில் ஆரம்பியுங்கள்: மேகம் எந்தப் பக்கம் நகர்கிறது, பருந்து வட்டமிடுகிறதா, காற்று எந்தக் கிளையை முதலில் அசைக்கிறது. அப்புறம் மரத்துக்கு வாருங்கள். உச்சி, நடுக்கிளை, அடிமரம் என்று மெதுவாகக் கீழே இறங்குங்கள். கடைசியில் உங்கள் காலடி. அங்கே ஓர் எறும்பு வரிசை கட்டாயம் போய்க்கொண்டிருக்கும். எதிரெதிரே வரும் இரண்டு எறும்புகள் உணர்கொம்பால் தொட்டுவிட்டு விலகுவதைப் பாருங்கள். இரை கொண்டுபோகும் எறும்பைத் தேர்ந்து, அது புற்றுக்குள் போகும்வரை விடாமல் தொடர்வது நல்ல பயிற்சி. சொல்லும்போது சுலபமாக இருக்கும், செய்தால் பத்தடிக்குள் தவறவிடுவீர்கள்.

பிறகு காது. கண்ணை மூடிக்கொண்டு இரண்டு நிமிடம் கேளுங்கள். ஒரு தாளின் நடுவில் புள்ளி வைத்து, அது நீங்கள் என்று வைத்துக்கொண்டு, எந்தச் சத்தம் எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் என்று குறிக்கலாம். குக்கர் விசில், ஆட்டோ, பள்ளிவாசல் பாங்கு, பக்கத்து வீட்டு மோட்டார் எல்லாமே கணக்கில் சேரும். இயற்கைச் சத்தம் மட்டும்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் ஊருக்குள் எரிச்சல்தான் மிஞ்சும். மோட்டார் நிற்கிற அந்த நொடியில் திடீரென்று எத்தனை குரல்கள் மேலே வருகின்றன என்பதைக் கேட்டால், அந்த மோட்டார்மீதும் கோபம் குறைந்துவிடும்.

பெயரைக் கடைசியில் கேளுங்கள்

ஒரு பறவையைப் பார்த்ததும் "இது மைனா" என்று சொல்லிவிட்டால் கண் வேலையை நிறுத்திவிடும். பெயர் தெரிந்தாலும் தெரியாதது போல ஐந்து விஷயம் சொல்லிப் பாருங்கள். நடக்கிறதா, தத்துகிறதா? கண்ணைச் சுற்றி என்ன நிறம்? பறக்கும்போது இறக்கையில் வெள்ளை தெரிகிறதா? தனியாக வந்ததா, ஜோடியாகவா? தரையில் எதைக் கொத்துகிறது?

இப்படிப் பார்க்கத் தொடங்கினால் தினம் பார்க்கிறவையே வேறு மாதிரி தெரியும். ஊர்க் காகத்துக்குக் கழுத்து சாம்பல் நிறம், அண்டங்காக்கைக்கு உடல் முழுக்கக் கறுப்பு. கோடையில் கூவும் கறுப்புக் குயில் ஆண். பெண் குயில் பழுப்பு நிறத்தில், வெள்ளைப் புள்ளிகளோடு, சத்தமில்லாமல் காகக் கூட்டின் பக்கம் சுற்றிக்கொண்டிருக்கும். முட்டையிட அதற்கு அந்தக் கூடுதான் வேண்டும். குக்குறுவான் "டுக்... டுக்... டுக்" என்று மணிக்கணக்கில் கத்தும்போது அலகைத் திறப்பதே இல்லை, தொண்டைதான் புடைத்துப் புடைத்து அடங்கும். இதைத் தானே பார்த்துக் கண்டுபிடிக்கிறவருக்குக் கிடைக்கும் சந்தோஷம், படித்துத் தெரிந்துகொள்கிறவருக்குக் கிடைக்காது. உங்களிடம் அதைச் சொல்லிக் கெடுத்ததற்கு வருத்தம்தான்.

அணில் வாலை வெட்டி வெட்டி ஆட்டிக்கொண்டு ஒரே குரலில் கத்திக்கொண்டே இருந்தால், அது பார்க்கும் திசையில் நீங்களும் பாருங்கள். பெரும்பாலும் அங்கே ஒரு பூனை இருக்கும், அல்லது வல்லூறு ஒன்று கிளையில் உட்கார்ந்திருக்கும்.

பெயர் தேவைப்பட்டால் வீட்டுக்கு வந்தபின் தேடுங்கள். பறவைக் குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் மெர்லின் என்ற செயலி இலவசமாகவே கிடைக்கிறது. நன்றாக வேலை செய்யும், ஆனால் அதை மரத்தடிக்குக் கொண்டுபோனால் நீங்கள் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

நோட்டு

கோடு போடாத நோட்டு ஒன்று, பென்சில் ஒன்று. பேனா மழையில் கரையும். மேலே தேதி, நேரம், வானம் எப்படி இருந்தது என்று ஒரு வரி. கீழே பக்கத்தை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் பார்த்ததையும் வலப்பக்கம் ஊகித்ததையும் எழுதுங்கள். இந்தக் கோடு ஒன்றுதான் நான் பிடிவாதமாகச் சொல்வது. "காகம் கோபமாக இருந்தது" என்பது ஊகம். "காகம் மூன்று முறை தாழப் பறந்து குயிலைத் துரத்தியது" என்பது பார்த்தது. இரண்டுக்கும் இடமுண்டு, கலக்கக் கூடாது. சில வாரம் இப்படி எழுதினால், மேலதிகாரி அனுப்பிய குறுஞ்செய்தியைப் படிக்கும்போதும் எது அதில் இருக்கிறது, எதை நாமாகச் சேர்த்துக்கொண்டோம் என்று பிரித்துப் பார்க்க வரும்.

வரையத் தெரியாது என்பவர்கள்தான் வரைய வேண்டும். ஓர் உதிர்ந்த இலையை எடுத்து வந்து, நரம்பு எங்கே பிரிகிறது, விளிம்பில் எத்தனை பல் இருக்கிறது என்று எண்ணி எண்ணி வரையுங்கள். படம் கோணலாக வந்தால் பரவாயில்லை, யாருக்கும் காட்டப்போவதில்லை. எண்ணியது மட்டும் மனதில் நிற்கும்.

எழுத ஒன்றும் இல்லாத நாளில் "ஒன்றும் இல்லை" என்று தேதியோடு எழுதிவையுங்கள். குயில் கூவாத நாட்கள் குறிக்கப்பட்டிருந்தால்தான் அது எந்த வாரம் கூவத் தொடங்கியது என்று பிறகு தெரியும்.

வேம்போடு ஒரு வருடம்

வேம்பைச் சிபாரிசு செய்ததற்குக் காரணம், அது மாதத்துக்கு ஒரு செய்தி தரும். எப்போதும் பச்சையாகவே இருப்பதாக நாம் நினைத்துக்கொண்டிருக்கும் மரம் அது. தை முடிந்து மாசி பிறக்கும்போது இலைகள் மஞ்சளாகி உதிரும், வாசல் பெருக்குகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். சில மரங்கள் முழுக்க மொட்டையாகும், தண்ணீர் வசதியுள்ள இடத்தில் நிற்பவை பாதியோடு நிறுத்திக்கொள்ளும். ஒரே தெருவில் இரண்டு வேம்புகள் இருந்தால் எது முந்துகிறது என்று பாருங்கள். அடுத்த வருடமும் அதுவே முந்துகிறதா?

மொட்டையான சில நாட்களிலேயே துளிர் வரும். வேப்பங்கொழுந்து முதலில் செம்பு நிறத்தில் இருக்கும், பச்சை பிறகுதான் ஏறும். ஒரே ஒரு கிளையைத் தேர்ந்து, அதன் நிறம் எத்தனை நாளில் மாறுகிறது என்று குறித்துவாருங்கள். பங்குனி, சித்திரையில் பூ. சின்னஞ்சிறு வெள்ளைப் பூ, கண்ணுக்குத் தெரியும் முன் மூக்குக்குத் தெரிந்துவிடும். மாலையில் மணம் கூடுகிறதா என்று சோதித்துப் பாருங்கள். சித்திரை முதல் நாள் பச்சடிக்காக மரத்தடியில் துணி விரித்துப் பூச் சேகரிக்கும் பாட்டி யாராவது தெருவில் இருந்தால் அவரோடு பேச்சுக் கொடுங்கள். எந்த வருடம் பூ முந்தியது, எந்த வருடம் மழையில் கொட்டிப்போனது என்ற விவரமெல்லாம் அவரிடம் நோட்டு இல்லாமலேயே இருக்கும்.

ஆனி, ஆடியில் பழம். மஞ்சள் பழத்தை யார் யார் தின்கிறார்கள் என்பது ஒரு தனி ஆராய்ச்சி. காகம், மைனா, குயில் பகலில் வரும். இரவில் வௌவால் வரும். காலையில் வேறு ஏதோ ஒரு மரத்தடியில் சப்பிப் போட்ட வேப்பங்கொட்டைகள் குவிந்து கிடந்தால், வௌவால் அங்கே தொங்கிக்கொண்டு சாப்பிட்டிருக்கிறது என்று பொருள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் தூசி கழுவப்பட்டு மரமே புதிதாக நிற்கும். நனைந்த பட்டையின் நிறம், அதில் ஊரும் மரவட்டை, பாசி எந்தப் பக்கம் பிடிக்கிறது என்பதையெல்லாம் பார்க்க இதுதான் சமயம். சில ஆண்டுகளில் மழைக்காலத்தையொட்டிக் கிளைநுனிகள் பழுப்பாகிக் கருகுவதைப் பார்க்கலாம். பூஞ்சை நோயாலும் தேயிலைக் கொசு என்னும் பூச்சியாலும் வருவது. மரம் செத்துவிட்டது என்று வெட்ட வருகிறவர்களிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள், பெரும்பாலும் கோடையில் மீண்டும் துளிர்த்துவிடும். போன வருடமும் இப்படிக் கருகித் துளிர்த்தது என்று தேதியோடு காட்ட உங்கள் நோட்டு இருந்தால் பேச்சுக்கு எடை கூடும்.

மழை தொடங்கும் அதே சமயத்தில் ஆறுமணிக்குருவியும் வரும். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்கத் தெற்கே தமிழகத்துக்கும் இலங்கைக்கும் வருகிற பறவை. வந்திறங்கும் நாட்களில் களைத்துப்போய் வீட்டுக்குள்ளேயே நுழைந்து உட்கார்ந்துவிடுவதும் உண்டு. பச்சை, நீலம், வயிற்றடியில் சிவப்பு என்று அத்தனை நிறம் இருந்தும் புதருக்குள் சருகைக் கிளறிக்கொண்டிருப்பதால் கண்ணில் படாது. விடியும் முன்னும் இருட்டும் முன்னும் இரண்டு சுரத்தில் ஒரு சீழ்க்கை கேட்டால் கடிகாரத்தைப் பாருங்கள்.

வேம்பு கிடைக்காதவர்கள் வேறு மரங்களில் எதைக் கவனிப்பது? பூவரசம்பூ காலையில் மஞ்சளாக இருந்து வாடும்போது சிவந்துபோகும். தூங்குமூஞ்சி மரம் அந்தியில் இலை மடக்கும், மேகம் கவிந்தாலும் மடக்கும். மாமரத்தில் முசுறு எறும்புகள் தங்கள் புழுக்களையே வாயில் பிடித்து, அவை விடும் நூலால் இலைகளை ஒட்டிக் கூடு கட்டும். இதை எட்ட நின்றே பாருங்கள், கடித்தால் சும்மா விடாது. புங்கம்பூ மணலில் உதிர்ந்து கிடப்பதைப் பொரி சிதறியதாகச் சொல்கிறது ஒரு சங்கப் பாடல். ஏப்ரல், மே மாதங்களில் புங்கமரத்தடியில் குனிந்து பார்த்தால் அந்தக் கவிஞர் எவ்வளவு நேரம் அங்கே நின்றிருப்பார் என்று தோன்றும்.

மரமே இல்லாத தெருவில்

சூரியன் இருக்கிறது. மொட்டைமாடியில் ஒரே இடத்தில் நின்று, எந்தத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து உதிக்கிறது என்று வாரம் ஒருமுறை வரைந்துவையுங்கள். டிசம்பரில் தென்கிழக்கில் இருப்பது ஜூனுக்குள் வடகிழக்குக்கு வந்துவிடும். மார்ச், செப்டம்பரில் இந்த நகர்வு வேகமாகத் தெரியும். ஜூன், டிசம்பரில் நின்றுவிட்டதோ என்று சந்தேகம் வரும். நிழலில்லா நாளையும் தவறவிடாதீர்கள். சென்னையில் ஏப்ரல் 24ஐ ஒட்டியும், மறுபடி ஆகஸ்ட் 18ஐ ஒட்டியும் நண்பகல் 12 மணி தாண்டிச் சில நிமிடங்களில் நட்டுவைத்த குச்சிக்கு நிழலே விழாது. கன்னியாகுமரியில் இது முன்னதாகவே, ஏப்ரல் 10 வாக்கில் வந்துவிடும். பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள், ஏன் என்று அவர்கள் கேட்காமல் விடமாட்டார்கள்.

நிலவு இன்னும் எளிது. ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தாமதமாக எழும். பௌர்ணமியிலிருந்து நான்கு நாள் தொடர்ந்து நேரம் குறித்தால் போதும்.

வாசலில் கோலம் போடுகிறவர்கள் பாதியைப் பச்சரிசி மாவிலும் பாதியைக் கல்மாவிலும் போட்டுவிட்டு அரை மணி நேரம் உட்காரலாம். எறும்புகள் எந்தக் கோட்டில் நிற்கின்றன, எவ்வளவு நேரத்தில் கண்டுபிடிக்கின்றன, முதலில் வந்தது என்ன வகை? பேருந்தில் போகிறவர்கள் வழியிலுள்ள ஒரே ஒரு மரத்தைத் தேர்ந்து, அது கடந்துபோகும் நான்கு நொடி மட்டும் ஜன்னல் வழியே பார்க்கலாம். நான்கு நொடி போதுமா என்றால், தினமும் பார்த்தால் போதும்.

தடங்கல்கள்

சலிப்பு வரும், இரண்டாம் வாரத்தில் கட்டாயம் வரும். அப்போது இடத்தை மாற்றத் தோன்றும், மாற்றாதீர்கள். நேரத்தை மாற்றுங்கள். காலையில் பார்த்த மரத்தை ராத்திரி 9 மணிக்குப் பாருங்கள், தெருவிளக்கைச் சுற்றும் பூச்சிகளைப் பிடிக்கப் பல்லிகள் எப்படி முறை வைத்துக் காத்திருக்கின்றன என்று தெரியும். நாட்கள் விட்டுப்போனால் விட்டதை எழுதி ஈடுசெய்ய முயல வேண்டாம், இன்றைய தேதியிலிருந்து தொடருங்கள்.

சிலருக்கு அமைதியாக உட்கார்ந்ததுமே படபடப்போ அடக்கிவைத்த துக்கமோ மேலே வரும். அப்படியானால் உட்கார வேண்டாம், நடந்துகொண்டே பாருங்கள், கூட யாரையாவது அழைத்துக்கொள்ளுங்கள். தூக்கம் கெடுமளவுக்கு மனம் சரியில்லை என்றால் மருத்துவரிடம் போக வேண்டும். மரம் அதற்கு மாற்று கிடையாது.

இன்னொரு எச்சரிக்கை. ஆர்வம் கூடும்போது கிட்டே போகத் தோன்றும். தேன்சிட்டு உங்கள் கொடிக்கயிற்றிலேயே கூடு கட்டினாலும் எட்டத்தில் நில்லுங்கள், படமெடுக்க இலைகளை விலக்காதீர்கள். நாம் விலக்கிய இலைவழியே காகமும் உள்ளே பார்க்கும்.

குறிப்புகளைப் பகிர

சில மாதம் எழுதிப் பழகியபின், விருப்பமிருந்தால் உங்கள் குறிப்புகளைப் பொதுவுக்கும் கொடுக்கலாம். சீசன்வாட்ச் என்ற இந்தியத் திட்டத்தில் ஒரு மரத்தைப் பதிவுசெய்து, வாரம் ஒருமுறை அதன் துளிர், முற்றிய இலை, மொட்டு, பூ, காய், பழம் ஆகியவை இல்லை, கொஞ்சம், நிறைய என்று மூன்றே அளவில் குறித்து அனுப்பலாம். தமிழகத்தில் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பிப்ரவரியில் உலகம் முழுக்க நான்கு நாள் கணக்கெடுப்பு உண்டு. இரண்டிலும் குறைந்தது 15 நிமிடம் கவனித்து, பார்த்ததை எண்ணிப் பதிவேற்ற வேண்டும். மொட்டைமாடியில் பார்த்த நான்கு காகமும் இரண்டு மைனாவும்கூட அதில் சேரும்.